டி ஆன்சாவில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படித்துவிட்டு நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இன்னும் சில வீடுகள் இருக்கும். நீங்கள் கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள், அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவில் இருக்கும் மகள் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறாள். பிசினஸ் படிக்க ஆசை. விண்ணப்பித்த யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள்) எதிலும் அந்தப் பாடத்துக்கு இடம் வரவில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகம் மட்டும் கூப்பிட்டிருக்கிறது, உதவித்தொகை போகவும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். குப்பர்ட்டினோவில் இருக்கும் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு மாறலாம் என்று பள்ளிக் கவுன்சலர் சொல்கிறார். "கம்யூனிட்டி காலேஜா, ஊரில் என்ன சொல்வது" என்று உங்கள் மனைவி தயங்குகிறார்.

நான் பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரமாக அக்கவுண்டிங் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தப் பாதையில் போகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். என் பதில்: சேருங்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் காரியம் முடிந்தது என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டு வருடம் கழித்து எங்கே போகப் போகிறாள் என்பதை முதல் வாரத்திலேயே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் எடுக்க வேண்டும். மாறுகிறவர்களுக்கும் மாறாமலே போகிறவர்களுக்கும் நடுவில் நான் பார்க்கிற பெரிய வித்தியாசம் அதுதான், புத்திசாலித்தனம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2024-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். 2017 முதல் 2019 வரை கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் நான்கு ஆண்டுக்குள் மாறியிருக்கிறார். இதைக் கேட்டதும் உங்கள் மனைவி சொன்னதுதான் சரி என்று தோன்றும். அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். வாரம் முப்பது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பாடம் மட்டும் எடுப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள், நடுவில் வாடகை கட்ட முடியாமல் ஊர் மாறியவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு வீடும் சாப்பாடும் இருக்கின்றன, முழுநேரம் படிக்க முடியும். இன்னொரு கூட்டமும் அந்த எண்ணில் இருக்கிறது, அதுதான் எனக்கு மனதை உறுத்துவது: தவறான பாடங்களை எடுத்தவர்கள். நன்றாகப் படித்திருப்பார்கள், மதிப்பெண்ணும் இருக்கும், ஆனால் போக நினைத்த இடம் கேட்கிற கால்குலஸ் இருக்காது. இரண்டாம் வருட அக்டோபரில் அதைக் கண்டுபிடித்து என்ன செய்ய?

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடலாம். கலிஃபோர்னியாவில் வசிப்பவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டால் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர், 2012 முதல் இதுதான். டி ஆன்சா செமஸ்டர் இல்லாமல், பன்னிரண்டு வாரக் குவார்ட்டர் முறையில் நடப்பதால் அங்கே யூனிட்டுக்கு 31 டாலர். மாறுவதற்கு 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும், ஆக இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மூவாயிரம் டாலருக்குள், சில்லறைக் கட்டணங்களும் பார்க்கிங்கும் தனி. புத்தகச் செலவையும் குறைக்கலாம். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத பிரிவுகளைத் தனியாகக் குறித்திருப்பார்கள், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தருகிற அக்கவுண்டிங், எகனாமிக்ஸ் புத்தகங்களை இலவசமாகவே படிக்கலாம். அடுத்த இரண்டு வருடம் யூசி என்றால் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 டாலரைச் சுற்றி, சான் ஹோசே ஸ்டேட் மாதிரி சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகம்) என்றால் அதில் பாதிதான் வரும். தனியார் கல்லூரியின் நாலு வருடச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கையில் வாங்குவது யூசியின் பட்டம், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று அந்தச் சான்றிதழில் எழுதமாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இது 1960-இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு மாஸ்டர் பிளான் போட்டபோதே வைத்த வழி. பள்ளி முடித்ததும் நேராக வருகிறவர்களுக்கு ஒரு பங்கு, கம்யூனிட்டி காலேஜிலிருந்து மூன்றாம் வருடத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரித்து வைத்தார்கள். இன்றைக்கும் யூசி வளாகங்களான பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்) இரண்டிலும் மாறி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கே முன்னுரிமை. வேறொரு நாலு வருடக் கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த முன்னுரிமை கிடையாது. அந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்து பிறகு மாறலாம் என்ற யோசனை இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இனி படிப்பு. பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்றதும் கம்பெனி நடத்தக் கற்றுக்கொடுப்பார்கள், மார்க்கெட்டிங் வரும், ஸ்டார்ட்அப் வரும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவையெல்லாம் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வருடத்தில், பல்கலைக்கழகத்தில். முதல் இரண்டு வருடத்தில் இருப்பது ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், மேனேஜீரியல் அக்கவுண்டிங், மைக்ரோ எகனாமிக்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ், பிசினஸ் லா, ஒரு அறிமுகப் பாடம். கூடவே கட்டுரை எழுதுகிற ஆங்கிலப் பாடங்கள், அறிவியல், வரலாறு, பேச்சு என்று பொதுக் கல்விப் பாடங்கள். எண்கள் பிடிக்காத பிள்ளை என்றால் அது முதல் குவார்ட்டரிலேயே தெரிந்துவிடும், அதை ஐம்பதாயிரம் டாலர் கொடுத்துத் தெரிந்துகொள்வதைவிட இங்கே தெரிந்துகொள்வது நல்லது.

இவற்றில் பிள்ளைகள் எங்கே போக முடியும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு, கணிதமும் அக்கவுண்டிங்கும்.

கணிதம் ஏன் என்றால், எங்கே போகிறாள் என்பதைப் பொறுத்து எந்தக் கணிதம் என்பது மாறும். யூசிஎல்ஏவில் இளநிலையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பாடமே இல்லை, பிசினஸ் எகனாமிக்ஸ்தான் இருக்கிறது, அது பொறியியல் மாணவர்கள் எடுக்கிற மாதிரியான கால்குலஸ் தொடரைக் கேட்கிறது. டேவிஸில் மேனேஜீரியல் எகனாமிக்ஸ், சான்டா குரூஸில் பிசினஸ் மேனேஜ்மென்ட் எகனாமிக்ஸ் என்று ஒவ்வொரு யூசியும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கிறது. பெர்க்லியின் ஹாஸ், அர்வைனின் மெராஜ் இரண்டும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்றே தருகின்றன. பல சிஎஸ்யூக்களுக்கு பிசினஸ் கால்குலஸ் ஒன்றோ ஃபைனைட் மேத்தோ போதும். அதனால் "எளிதானதை முதலில் முடிக்கிறேன்" என்று சொல்லிச் சின்னக் கணிதத்தை எடுத்துவிட்டால் சில கதவுகள் அப்போதே மூடிவிடும். பெரிய கால்குலஸ் தொடரை எடுத்தால் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும். மகளுக்குப் பள்ளியிலேயே கால்குலஸ் ஓடியிருக்கிறது என்றால் இதில் தயங்கவே வேண்டாம்.

எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலையின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற இணையதளத்தில் மாநிலமே போட்டு வைத்திருக்கிறது. டி ஆன்சாவையும் போக விரும்பும் பல்கலையையும் துறையையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்து நிற்கும். சேர்வதற்கு முன்னால், இந்தக் கோடையிலேயே, ஐந்தாறு பல்கலைகளுக்கு இதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக வருகிற பாடங்களை மகளே ஒரு தாளில் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவள் எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கவுன்சலரிடம் போனால் அரைமணி நேரச் சந்திப்பில் நிறையக் காரியம் நடக்கும், வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். அங்கே ஒரு கவுன்சலருக்கு எவ்வளவு மாணவர்கள் என்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அக்கவுண்டிங்குக்கு வருகிறேன், இது என் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். டி ஆன்சாவில் அக்கவுண்டிங் 1ஏ, 1பி, 1சி என்று மூன்று குவார்ட்டருக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுக் கல்வியாண்டு. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது, அதனால் முதல் வருடத்திலேயே தொடங்கிவிட வேண்டும். நடுவில் 1பி-யை மட்டும் பக்கத்தில் மிஷனிலோ வெஸ்ட் வேலியிலோ எடுக்கிறேன் என்று கிளம்பக் கூடாது, அவை செமஸ்டர் காலேஜ்கள், அங்கே பாடம் வேறு இடத்தில் உடைகிறது, பாதி இங்கே பாதி அங்கே என்றால் சில பல்கலைகள் ஈடாக ஏற்காது. ஒரு தொடரை எங்கே தொடங்குகிறோமோ அங்கேயே முடிக்க வேண்டும், கால்குலஸுக்கும் இதே கதைதான்.

பாடம் கடினமா என்றால் ஒவ்வொரு வாரமும் பார்த்தால் கடினம் இல்லை. ஆனால் ஜர்னல் என்ட்ரி புரியாமல் அட்ஜஸ்டிங் என்ட்ரி புரியாது, அது புரியாமல் வருமானக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் எப்படி ஒன்றோடொன்று சேருகின்றன என்பது புரியாது. மூன்றாவது வாரம் விட்டுப்போனால் ஏழாவது வாரத்தில் தெரியும், பன்னிரண்டு வாரக் குவார்ட்டரில் அதற்குப் பிறகு பிடிக்க நேரம் இல்லை. அதனால் அக்கவுண்டிங்கை மட்டும் நேரில் போய்ப் படிக்கச் சொல்கிறேன். பதிவுசெய்த வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற ஆன்லைன் பிரிவுகள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அவை ஒத்திப்போடும் பழக்கத்தைத்தான் கொடுக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு விஷயம். உங்களில் யாராவது ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்திருந்தால், பெர்சனல் அக்கவுண்ட், ரியல் அக்கவுண்ட், நாமினல் அக்கவுண்ட் என்ற மூன்று தங்க விதிகள் இன்னும் மனப்பாடமாக இருக்கும். வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆசையாக இருக்கும், வேண்டாம். இங்கே பாடம் அசெட் என்பது லயபிலிட்டியும் ஈக்விட்டியும் சேர்ந்தது என்கிற சமன்பாட்டிலிருந்து தொடங்குகிறது, டெபிட்டும் கிரெடிட்டும் அதன் இரண்டு பக்கமாக வருகின்றன. இரண்டு முறையிலும் விடை ஒன்றுதான் வரும், ஆனால் பாதியில் இரண்டையும் கலந்து குழம்பிப்போன பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறேன். அவள் செய்த கணக்கை உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு விதியைப் பலர் தெரிந்துகொள்வதில்லை. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்த அதையே திரும்ப எடுக்க முடியாது. டி, எஃப் வாங்கினால்தான் முடியும். யூசிக்கு மாறக் குறைந்தபட்ச ஜிபிஏ (4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.4 என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பெர்க்லியிலும் யூசிஎல்ஏவிலும் பிசினஸ் பக்கம் இடம் கிடைப்பவர்கள் பெரும்பாலும் 4.0-ஐ ஒட்டி நிற்பவர்கள். ஒரு குவார்ட்டர் சறுக்குகிறது என்று தெரிந்தால் ஆசிரியரிடம் உடனே போய்ப் பேச வேண்டும், விலகுவதற்கான கடைசித் தேதிகளைத் தொலைபேசியில் குறித்துவைத்திருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே விலகினால் பதிவில் ஒன்றும் இருக்காது, தள்ளிப்போனால் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழும். ஒரு டபிள்யூ பெரிய குற்றம் இல்லை, அடுக்கிக்கொண்டு போனால்தான் பிரச்சினை.

காலக்கணக்கு இரண்டு வருடம் என்று சொல்கிறோமே, விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது ஒரு வருடத்து மதிப்பெண்தான். இரண்டாம் வருடத்தின் தொடக்கத்தில், அக்டோபர், நவம்பரில் யூசி விண்ணப்பம், அதற்கும் முன்னால் செப்டம்பர் மாதம் மட்டும் டேக் என்கிற உறுதி ஒப்பந்தத்துக்கான விண்ணப்பம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிகளில் ஒன்றே ஒன்றோடு இந்த ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், அவர்கள் சொல்கிற பாடமும் ஜிபிஏவும் இருந்தால் இடம் உறுதி. எந்தத் துறைக்கு உண்டு, எதற்கு இல்லை என்பது ஒவ்வொரு வருடமும் மாறும், அந்த வருடத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை, அவற்றுக்குத் தனியாகப் போட்டி போட வேண்டும். டேக் ஒன்று கையில் இருந்தால் அந்தப் போட்டியைப் பயமில்லாமல் போடலாம். காலேஜில் ஹானர்ஸ் திட்டம் இருந்து, அது யூசிஎல்ஏவுக்கு மாறுகிற ஹானர்ஸ் மாணவர்களுக்கான டேப் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதையும் விசாரியுங்கள்.

சிஎஸ்யூ பக்கம் 2010-இல் வந்த ஒரு சட்டத்தால் மாறுவதற்கென்றே தனி அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) வந்தது, பெயரின் கடைசியில் டிரான்ஸ்ஃபரைக் குறிக்கும் "டி" இருக்கும், பிசினஸுக்கு ஏ.எஸ்.-டி. அது இருந்தால் சிஎஸ்யூவில் எங்காவது ஓர் இடம் நிச்சயம், கேட்ட வளாகத்திலேயே என்று இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அதே காலேஜில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்றே சாதாரண அசோசியேட் பட்டமும் பக்கத்தில் இருக்கும். பதிவுப் படிவத்தில் அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. பொதுக் கல்விப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலத்திலிருந்து சேர்கிறவர்களுக்கு கால்-கெட்சி என்ற ஒரே திட்டம் யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் பொதுவாக வந்துவிட்டது, இணையத்தில் ஐகெட்சி என்று பழைய பட்டியல் கண்ணில் பட்டால் அதை நம்பிப் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது எச்-4. எச்-4 விசாவோடேயே அவள் காலேஜில் படிக்கலாம், எஃப்-1 மாணவர் விசா தேவையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசிப்பதைக் காட்டினால் மாநிலவாசிக் கட்டணமும் கிடைக்கும், வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் எல்லாம் எடுத்துவையுங்கள். ஆனால் 21 வயதோடு எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால், நம் ஊர்க்காரர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும், எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும், அப்போது கட்டணப் பிரிவும் மாறக்கூடும். அவளுக்கு 21 ஆகும் நேரத்தில் அனேகமாகப் பல்கலையில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருப்பாள், வெளிமாநிலக் கட்டணம் பெரிய தொகை. இதைப் பற்றி இப்போதே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள், பல்கலையின் வசிப்பிட அலுவலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். எச்-4-இல் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் முடியாது, மத்திய அரசின் கல்வி உதவியும் கிடையாது. எஃப்-1 என்றால் படிப்பு முடித்தபின் ஓபிடி என்கிற வேலை அனுமதி உண்டு, ஆனால் பொதுவான பிசினஸ் பட்டத்துக்கு ஒரு வருடம்தான், கூடுதல் இரண்டு வருடம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்தப்பட்ட பட்டங்களுக்குத்தான். எந்தப் பட்டம் என்று தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எஃப்-1-இல் கம்யூனிட்டி காலேஜுக்கு வரலாமா என்று இதைப் படிக்கிற யாராவது யோசிக்கக்கூடும். அவர்களுக்கு இந்த மூவாயிரம் டாலர் கணக்கு பொருந்தாது. வெளியூர்க்காரர்களுக்கான கட்டணம் பெரும்பாலான காலேஜ்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும், பே ஏரியா வாடகை தனி, மாறிய பிறகு யூசியிலும் வெளியூர்க் கட்டணம்தான். அதைத் தாங்க முடிகிறவர்கள் வரலாம், அசோசியேட் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணத்தில் வர வேண்டாம்.

கடைசியாக வேலை. மாறுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நாலு வருடமும் ஒரே இடத்தில் படிக்கிறவர்களுக்குக் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று வாய்ப்பு, மாறி வருகிறவர்களுக்கு ஒன்றுதான், அதற்கான தேர்வும் பல நிறுவனங்களில் மூன்றாம் வருடம் தொடங்கிய சில வாரங்களில் ஆரம்பித்துவிடும். புது வளாகத்தில் வகுப்பறை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ரெஸ்யூமே கேட்பார்கள். அதனால் டி ஆன்சாவில் இருக்கும்போதே ரெஸ்யூமேவில் எழுத ஏதாவது வேண்டும். எச்-4-இல் சம்பள வேலை முடியாது என்பதால் எனக்குப் பிடித்த வழி வீட்டா: குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வரித் தாக்கல் செய்துகொடுக்கிற ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) திட்டம், தன்னார்வப் பணி, பயிற்சியும் தேர்வும் அவர்களே தருகிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரத்தில் ஒரு நாள் போனால் போதும். அக்கவுண்டிங் 1ஏ முடித்த பிள்ளை அங்கே உண்மையான மனிதர்களின் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறாள், அவர்களோடு பேசக் கற்றுக்கொள்கிறாள். தன்னார்வப் பணிக்கும் விசா விதிகள் உண்டு, வழக்கறிஞரிடம் பேசும்போது இதையும் கேட்டுவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: டி ஆன்சா விண்ணப்பத்தைப் போடுங்கள், அது இலவசம், யாரையும் தள்ளுபடி செய்யமாட்டார்கள். ஆனால் பதிவு நாள் தாமதமானால் கால்குலஸ், அக்கவுண்டிங் பிரிவுகள் நிரம்பிவிடும். கோடைக் குவார்ட்டரில் ஒரு பொதுக் கல்விப் பாடம் எடுக்க முடிந்தால் எடுக்கட்டும், வருடத்தில் சுமை குறையும். பள்ளியிலேயே எழுதுகிற கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி மைக்ரோ, ஏபி மேக்ரோ, ஏபி கால்குலஸ் எழுதியிருந்தால் அவற்றை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை டி ஆன்சாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் சில பாடங்கள் கழியும். எது கழிகிறது என்று தெரிந்த பிறகுதான் இலையுதிர் காலத்துப் பாடங்களைப் பதிய வேண்டும், கழிந்துபோன பாடத்தையே திரும்ப எடுத்து ஒரு குவார்ட்டரை வீணாக்குகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.